'அது' சாப்பிட்டுதா?

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒருவன் காரணமில்லாமல் ரெண்டு தரம் சிரித்தால் போதும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "என்னடே, ஊளம்பாறைக்கு எப்பம் போற?"

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். ஊளம்பாறை திருவனந்தபுரத்தில் இருக்கிறது. 1870-ல் திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில் ஆரம்பித்த மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற இடம். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. சர்க்கார் முத்திரை மாறியது, பள்ளிக்கூடப் புத்தகம் மாறியது, கேலி மட்டும் மாறவில்லை. மெட்ராஸ்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், வடக்கத்தியர்களுக்கு ராஞ்சி, ஆக்ரா, எங்களுக்கு ஊளம்பாறை. ஒவ்வொரு ஊருக்கும் சொல்லிச் சிரிக்க இன்னொரு ஊர் வேண்டியிருக்கிறது.

நானும் அந்த ஜோக்கை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். 1994 ஜூன் வரைக்கும்.

* * *

என் சித்தப்பா தமிழ் வாத்தியார். தேரூருக்குப் பக்கத்தில் வீடு. "பொறந்தது திருவிதாங்கூர்ல, ரிட்டயர் ஆனது தமிழ்நாட்டுல, வீடு மட்டும் ஒரு இஞ்சு நகரல்லே" என்று சொல்லிச் சிரிப்பார். கவிமணி பிறந்த ஊர்க்காற்று பட்டதாலோ என்னவோ, யாராவது தமிழில் தப்புப் பண்ணினால் பல்வலி வந்த மாதிரி முகம் கோணும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்தத்தைப் பார்க்கமாட்டார். ஒற்றுப்பிழையைப் பார்ப்பார். சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்ததில் ரெண்டு குடும்பங்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

1994 மே கடைசியில் அவருக்குத் தூக்கம் போயிற்று. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார். கொஞ்சம் அதிகப்படியான சந்தோஷம். பென்ஷன் பணத்தில் பதினெட்டுக் குலை மட்டிப்பழம் வாங்கி, மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பஸ்ஸாக ஏறி எல்லோருக்கும் கொடுத்தார். கண்டக்டர்களுக்கு ஒரு சீப்பு அதிகம். ஆறாவது நாள் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு டின் பெயிண்டும் பிரஷ்ஷுமாகக் கோட்டாறு கடைத்தெருவில் இறங்கி, போர்டுகளைத் திருத்த ஆரம்பித்தார். 'மளிகை கடை'க்கு ஒரு 'க்'. 'துணி கடை'க்கு ஒரு 'க்'. பதினோராவது போர்டில் கூர்க்கா பிடித்துவிட்டான். காலையில் வியாபாரிகள் அடிக்க வந்தார்கள். திருத்தம் அத்தனையும் சரி என்பது வேறு விஷயம்!

வாலிபத்தில் ஒரு தடவை இப்படி வந்ததாம். அப்போது எங்கள் பாட்டி மண்டைக்காட்டம்மனுக்கு மண்டையப்பம், கோட்டாறு சவேரியாருக்கு மெழுகுவத்தி, தக்கலை பீரப்பாவுக்கு நேர்ச்சை என்று ஒரே வாரத்தில் மூன்று மதத்துக்கும் மனு போட்டதாகவும், யாரோ ஒருவர் சாங்ஷன் பண்ணிவிட்டதாகவும் வீட்டில் சொல்வார்கள். இந்தத் தடவை மூன்று இடத்திலும் ஃபைல் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எந்த ஆஸ்பத்திரி? பெயர் வேண்டாம். ஊளம்பாறை இல்லை, அவ்வளவுதான் சொல்வேன். பெரிய மதில், உள்ளே பெரிய வேப்பமரம். "கூட ஒரு ஆள் இருக்கணும். பகல்ல வார்டிலே, ராத்திரி வராந்தாவிலே" என்றார்கள். சித்தப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. சித்திக்கு முட்டுவலி. குடும்பத்தில் கல்யாணமாகாத, லீவு பாக்கி இருக்கிற ஒரே ஜீவன் நான். வயது 26.

ஆபீஸுக்கு லீவு லெட்டர் எழுத வேண்டும். 'சித்தப்பாவுக்கு மனநோய்' என்று எழுதப் பேனா வரவில்லை. 'மஞ்சள் காமாலை' என்று எழுதினேன். மஞ்சள் காமாலை ரொம்ப கௌரவமான வியாதி. மேனேஜர் பரிவோடு கையெழுத்துப் போட்டு, "கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க" என்றார். அங்கே இருந்த இருபத்திமூன்று நாளும், ஆபீஸிலிருந்து யாராவது கீழாநெல்லிக் கட்டோடு பார்க்க வந்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரே உதறல்.

* * *

சேர்த்த அன்றைக்கே மொட்டை அடித்தார்கள். பேன் வருமாம். வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டு பச்சையில் ஒரு உடுப்புக் கொடுத்தார்கள். பாக்கெட்டில் நம்பர் 14. மூக்குக் கண்ணாடியையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். உடைத்துக் கையைக் கிழித்துக்கொள்வாராம். அரை மணி நேரத்தில் தமிழாசிரியர் காணாமல் போய், கட்டிலில் ஒரு பதினாலு உட்கார்ந்திருந்தது.

பாருங்கள், நானே 'உட்கார்ந்திருந்தது' என்று எழுதிவிட்டேன். விஷயமே அதுதான்.

டாக்டர் நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் கேள்வியெல்லாம் என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் சித்தப்பா, மேஜை மேல் பேப்பர் வெயிட் மாதிரி.

"எத்தனை நாளா தூங்கலை?"

"ஆறு நாளா, டாக்டர்."

"சாப்பாடு?"

"குடுத்தா சாப்பிடும். பாதியிலே எந்திரிச்சுப் போயிரும்."

பக்கத்திலிருந்து கம்மிய குரலில் சித்தப்பா சொன்னார்: "போயிரும் இல்லடே. போயிருவார். திணை வழு."

டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்தேன். குழந்தையின் தலைக்கு மேலே பெரியவர்கள் சிரித்துக்கொள்வார்களே, அந்தச் சிரிப்பு. டாக்டர் கேஸ் ஷீட்டில் இங்கிலீஷில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'சம்பந்தமில்லாமல் பேசுகிறார்.'

ஸார், அன்றைக்கு அந்த அறையில் சம்பந்தத்தோடு பேசின ஒரே வார்த்தை அதுதான். எனக்குப் புரியப் பத்து நாள் ஆயிற்று.

* * *

இலக்கண வகுப்பில் தூங்கினவர்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு சின்ன ரிவிஷன். தமிழில் பெயர்ச்சொல்லுக்கு ரெண்டே பிரிவு: உயர்திணை, அஃறிணை. உயர்திணையில் நன்னூல்காரர் பவணந்தி முனிவர் மூன்று பேரைச் சேர்க்கிறார்: மனிதர், தேவர், நரகர். கவனியுங்கள், நரகத்தில் எண்ணெய்க் கொப்பரையில் வேகிறவனுக்கும் உயர்திணை அந்தஸ்து உண்டு. வார்டில் கிடக்கிறவனுக்கு?

அங்கே தினம் காலையில் டூட்டி மாறும்போது கேட்கிற பேச்சு இது:

"பன்னெண்டு குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"பதினாலு மாத்திரை தின்னுச்சா?"

"துப்பிட்டுது."

"ஒம்பது?"

"அது அழுதுக்கிட்டுக் கெடக்கு."

யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. நான் இருந்தவரைக்கும் யாரையும் கை நீட்டி அடித்துப் பார்க்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வரும். ரெண்டு ஆள் அறுபது பேரைப் பார்க்க வேண்டும். அறுபது பேரிடமும் நின்று 'ராத்திரி தூங்கினீங்களா, கனவு வந்துதா' என்று கேட்டால் காலை இட்லி சாயங்காலம்தான் கிடைக்கும். நம் ஆபீஸ் மட்டும் என்ன வாழ்கிறது? கவுண்டருக்கு இந்தப் பக்கம் தலையைத் தூக்காமல் "நாப்பத்திரெண்டு! யாருங்க நாப்பத்திரெண்டு?" என்று டோக்கனைக் கூப்பிடுகிற ஜாதிதானே நாமும்?

பத்தாவது நாள். மருந்தில் சித்தப்பா கொஞ்சம் அடங்கியிருந்தார். நான் சமாதானம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தேன். "சித்தப்பா, இதுக்குப் போய் வருத்தப்படலாமா? எங்கம்மைகூட என்னை 'அது சாப்பிட்டுதா, அது தூங்கிச்சா'ன்னுதானே கேக்கும்?"

கண்ணை மூடிக்கொண்டே பாடம் நடத்தினார். "அது உவப்புடே. அஞ்சு காரணம் இருந்தா திணை மாத்திப் பேசினாலும் தப்பில்லேன்னு நன்னூல் விட்டுக் குடுக்கு. சந்தோஷம், உயர்வு, சிறப்பு, கோவம், இளக்காரம். ஒங்கம்மை சொல்லுகது சந்தோஷம். நான் ஒன்னை 'கழுதை வந்துட்டுது'ன்னா அது கோவம். எல்லாம் வழுவமைதி. மார்க் உண்டு."

"அப்பம் இவிய சொல்லுகது?"

ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அஞ்சுலயும் வராதுடே. கோவமா இருந்தாக்கூடக் கொள்ளாம். கோவப்படணும்னா மொதல்ல என்னைப் பாக்கணும் இல்லியா? இவிய பாக்கவே இல்லே. பாக்காமச் சொல்லுகதுக்கு இலக்கணத்துல எடம் கெடயாது."

அப்புறம் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: "நீயும் அண்ணைக்கு டாக்டரைத்தானே பாத்துக்கிட்டு இருந்தே."

வராந்தாவுக்கு வந்து ஒரு கட்டஞ்சாயா வாங்கினேன். தொண்டையில் இறங்கவில்லை.

* * *

சித்தப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு நாலு வரியில் சொன்னதை, ஒருத்தர் ஒரு முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு ஒரு பழைய புத்தகக் கடையில் தெரிந்துகொண்டேன். மார்ட்டின் பூபர். 1878-ல் வியன்னாவில் பிறந்த யூதத் தத்துவ ஞானி. 1923-ல் ஜெர்மன் மொழியில் 'நானும் நீயும்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் போய், 1965-ல் அங்கேயே இறந்தார்.

புத்தகம் கொஞ்சம் கடினம். நான் நாலு தடவை படித்து, நாலு தடவையும் நாற்பதாம் பக்கத்தில் தூங்கினேன். ஆனால் மையக் கருத்து நம் ஊர் ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரியும். மனிதன் இந்த உலகத்தோடு ரெண்டு விதமாகத்தான் பேசுகிறான். ஒன்று 'நான் - அது'. இன்னொன்று 'நான் - நீ'. எதிரே இருப்பதை அளந்து, வகை பிரித்து, உபயோகப்படுத்தினால் 'அது'. முழுசாக அதன் முன்னால் நின்று, அதுவும் நம்மைப் பார்க்கிறது என்று உணர்ந்தால் 'நீ'. இதில் இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. 'நான்' என்று தனியாக ஒன்று கிடையாது என்கிறார் பூபர். 'அது' என்று சொல்கிற நான் வேறு ஆள், 'நீ' என்று சொல்கிற நான் வேறு ஆள். அதாவது, சித்தப்பாவை 'அது' ஆக்கின அந்த நிமிஷத்தில் நானும் ஒரு சுற்றுக் குறைந்துபோனேன்.

பூபருக்கு இதில் சொந்த வலி உண்டு. முதல் உலகப் போர் சமயம், அவரைப் பார்க்க ஒரு இளைஞன் வந்தான். அன்று காலையெல்லாம் பூபர் ஏதோ ஆன்மிகப் பரவசத்தில் இருந்தவர். வந்தவனிடம் அன்பாகத்தான் பேசினார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அவன் கேட்காமல் மனசுக்குள் வைத்திருந்த கேள்வியை மட்டும் கவனிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அவன் இறந்துபோனதும், அன்றைக்கு அவன் அரட்டைக்கு வரவில்லை, வாழ்க்கையில் ஒரு முடிவெடுக்க முடியாமல் வந்திருந்தான் என்பதும் தெரியவந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். உடம்பு அங்கே இருந்தது, ஆள் அங்கே இல்லை. டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்த எனக்கு இந்தப் பக்கத்தில் தூக்கம் வரவில்லை.

'சரி, தத்துவம் பேசலாம். ஆஸ்பத்திரி நடத்த முடியுமா?' என்று கேட்பீர்கள். பூபர் 'அது' கூடாது என்று சொல்லவே இல்லை. 'அது' இல்லாமல் மனிதன் பிழைக்க முடியாது என்கிறார். 'அது' மட்டுமே போதும் என்று வாழ்கிறவன் மனிதன் இல்லை என்கிறார், அவ்வளவுதான். சித்தப்பாவுக்குக் கொடுத்தது லித்தியம். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்கிற டாக்டர் கண்டுபிடித்த வைத்தியம். சாதாரண உப்பு வகைதான், ஆனால் ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் வேலை செய்யாது, கொஞ்சம் கூடினால் விஷம். ரத்தத்தை எடுத்து அளந்துதான் கொடுக்க வேண்டும். அளக்கும்போது சித்தப்பா 'அது'தான். அளக்காமல் அன்பை மட்டும் காட்டியிருந்தால் அவர் கோட்டாறு முழுக்கப் பெயிண்ட் அடித்துவிட்டுச் செத்திருப்பார். அன்பு போதும், மாத்திரை வேண்டாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தக் கேள்வி பூபருக்கும் ஒரு மேடையில் வந்தது. 1957 ஏப்ரல் 18, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். எதிரே கார்ல் ரோஜர்ஸ், மனோதத்துவ ஆலோசனையில் பெரிய பெயர். நல்ல தருணங்களில் என்னிடம் வருகிறவரும் நானும் சரிசமம் என்பது ரோஜர்ஸ் கட்சி. பூபர் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் உன்னிடம் உதவி கேட்டு வந்திருக்கிறான், நீ அவனிடம் அப்படிப் போகவில்லை. நீ உன் பக்கத்தையும் பார்க்கலாம், அவன் பக்கத்தையும் பார்க்கலாம், அவனால் அது முடியாது என்றார்.

டாக்டர் வேலையை அறிந்து சொன்ன பேச்சு. ஆனால் ரோஜர்ஸ் கட்சிக்கும் என்னிடம் ஒரு சாட்சி உண்டு.

* * *

பதினாறாவது நாள் ராத்திரி. டூட்டியில் ஒரு வயதான அட்டெண்டர். 'பதினாலு துப்பிட்டுது' என்று ரிப்போர்ட் கொடுத்தவரே அவர்தான். வார்டெல்லாம் அடங்கினபிறகு, கையில் ஒரு பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு கட்டில் பக்கம் வந்து தயங்கி நின்றார். என்னைத்தான் தேடி வந்திருக்கிறார் என்று எழுந்தேன். என்னைத் தாண்டிப் போனார்.

"ஸாரே."

சித்தப்பா கண்ணைத் திறந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் காதில் விழுந்த முதல் 'ஸார்' அது.

"எனக்க மவளுக்கு நாளைக்கழிச்சுத் தமிழ் ரெண்டாம் தாள் பரீட்சை. இந்த ஆகுபெயர் என்னண்ணு வெளங்கல்லேன்னு கெடந்து அழுதா. ஸார் வாத்தியாராமே. கொஞ்சம் சொல்லித் தருவேளா? நான் எழுதிட்டுப் போயி அவளுக்குச் சொல்லுகேன்."

சித்தப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கிப் புத்தகத்தைப் பார்த்தார். எழுத்துத் தெரியவில்லை. அட்டெண்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். போய் அலமாரியைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். விதிப்படி தப்பு. யாராவது பார்த்தால் மெமோ.

மருந்தில் சித்தப்பா கை நடுங்கியது. நடுக்கத்தோடு பொருளாகுபெயர், இடவாகுபெயர் என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார். ஒரு இடத்தில் அட்டெண்டருக்குப் புரியவில்லை.

"எண்ணலளவை ஆகுபெயருக்கு உதாரணம் வேணுமா? நீரு தெனமும் சொல்லுகீரே, 'பதினாலு மாத்திரை தின்னுச்சா'ன்னு. எண்ணைச் சொன்னா ஆளு வருகான். அதுதான். பரீட்சையிலே இந்த உதாரணத்தை எழுதச் சொல்லாதயும். புத்தகத்துல உள்ளதை எழுதினாத்தான் மார்க் விழும்."

அட்டெண்டர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்பதாம் நம்பர் எழுந்து உட்கார்ந்து, என்ன என்று கேட்டுவிட்டு, அவரும் சிரித்தார்.

அட்டெண்டர் போனபிறகு சித்தப்பா என்னைப் பார்த்தார். பதினாறு நாளில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீ ஏதாம் சாப்பிட்டியாடே?"

லித்தியம் வேலை செய்ய ஆரம்பித்த நாள் அது என்பார் டாக்டர். நான் மறுக்கவில்லை. ஒரு மனிதன் சௌக்கியமாகிறான் என்பதற்கு அடையாளம், 'நான்' என்று பேசுவதை நிறுத்தி 'நீ' என்று விசாரிப்பது என்றால், அதைக் கண்ணாலே பார்த்த சாட்சி நான். மாத்திரை கதவின் தாழ்ப்பாளை எடுத்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் 'ஸாரே' என்று கூப்பிட்டார். அதனால் அவர் வெளியே வந்தார்.

* * *

இது ஒரு அட்டெண்டரின் நல்ல மனசால் தற்செயலாக நடந்தது. இதையே ஒரு ஏற்பாடாகச் செய்த இடங்கள் நம் நாட்டில் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் மைதானத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு அவர்கள் வீட்டாரையும் தங்கவைத்தார். வைத்தியம் எப்படி நடக்கிறது என்று வீட்டாரும் கூட இருந்தே பார்த்தார்கள். வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் இருக்கிற மனநல மையத்திலும் வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்குவதுதான் பழைய காலத்திலிருந்து வழக்கம். காரணம் எளிது. அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் இருக்கும்போது யாரையும் 'பதினாலு' என்று கூப்பிட நாக்குக் கூசும். வீட்டாரும் 'அடைச்சுப் போட்டாச்சு' என்று கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

இதற்கு நேர் எதிர்க் கோடி ஒன்றும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓடியிருக்கலாம். காலில் சங்கிலி. 28 பேர் இறந்துபோனார்கள். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. அன்றைக்குப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாட்டைக் கட்டுகிற மாதிரி மனிதனைக் கட்டுகிறவன் ஒரே நாளில் அங்கே போய்ச் சேருவதில்லை. முதலில் பெயர் போகும். அப்புறம் 'அவர்' போகும். அப்புறம் 'அவன்' போகும். 'அது' வந்தபிறகு சங்கிலி எடுக்கக் கை கூசுவதில்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே முதல் அமலில் உள்ளது. சங்கிலி கூடாது. கட்டாய மொட்டை கூடாது. உடுப்புப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது, விரும்பினால் சொந்தத் துணி உடுத்திக்கொள்ளலாம். தனக்காகப் பேச யார் வேண்டும் என்று நோயாளியே எழுதித் தரலாம். படித்தபோது, என் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் எந்த வினைமுற்றில் பேச வேண்டும் என்று சட்டத்தில் எழுத முடியாது. அது நம் கையில், இல்லை, நாக்கில் இருக்கிறது.

* * *

இருபத்திமூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்துக் கேட்டார்: "எப்படி இருக்காங்க?"

நான் திரும்பி, "சித்தப்பா, நீங்களே சொல்லுங்க" என்றேன். மன்னிப்பெல்லாம் நம் வீடுகளில் கேட்கிற வழக்கமில்லை. அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டாக்டரிடம், "நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் முதுகுவலி, ஸார்" என்றார்.

ஆபீஸுக்குத் திரும்பினபோது எல்லோரும் காமாலை விசாரித்தார்கள். "காமாலை இல்லை. மனசுக்குத்தான் சரியில்லாமல் இருந்தது. இப்போ தேவலை" என்று உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் நிசப்தம். சாயங்காலம் கணக்குப் பிரிவில் ஒருத்தர் தனியாக வந்து, "எங்க அக்காவுக்கும்... எந்த டாக்டர், ஸார்?" என்று கேட்டார். ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் கேட்டார்கள். ஒரே ஆபீஸில்! இன்றைக்குக் கேட்பவர்களுக்கு 14416 என்று ஒரு நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2022-ல் ஆரம்பித்த டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு உங்கள் வீட்டிலோ நண்பன் வீட்டிலோ இது நடக்கலாம். நீங்கள்தான் கூட உட்காரப்போகிற ஆள். ஊருக்குத் தெரியாமல் மறைக்க என்ன பொய் சொல்லலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடுங்கள். டாக்டர் உங்களைக் கேட்கிற கேள்வியை அவர் பக்கம் திருப்பி விடுங்கள். பதில் தப்பும் தவறுமாக வரும், வரட்டும். நீங்கள் திருத்திச் சொல்லப் பிறகு நேரம் இருக்கிறது.

சித்தப்பா அப்புறம் பதினைந்து வருஷம் இருந்தார். மாத்திரை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. பத்திரிகைகளில் சிவப்பு வட்டம் போடுவதையும் நிறுத்தவில்லை, என் கல்யாணப் பத்திரிகை உள்பட.

2009-ல் இறந்தார். முற்றத்தில் நின்றவர்கள் வழக்கப்படி, "பாடி எப்பம் எடுக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இலக்கணப்படி தப்பில்லை, உயிர் போனால் அஃறிணைதான். அப்போது ஒரு கிழவர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தடுமாறி வந்தார். கையில் ஒரு மாலை. எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. அந்த அட்டெண்டர். என் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில் கேட்டார்:

"ஸாரை எப்பம் எடுக்கீங்க?"

திணை வழுதான். சித்தப்பா இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.